மலையேற வேண்டும் என்றேன்

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பேருந்து எனக்காகக் குனிகிறது. கைத்தடியோடு நான் நிற்பதைப் பார்த்ததும் ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்துவார். வண்டி பெருமூச்சு விட்டபடி என் பக்கம் சாயும். போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் பேருந்தில், ஒரு கால் படியில் இருக்கும்போதே விசில் கேட்டு வளர்ந்தவள் நான். இந்த மரியாதை முதலில் எனக்கு அவமானமாகத்தான் பட்டது.

இங்கே நர்ஸாக வேலைக்கு வந்த சில ஆண்டுகளில் என் இடது கால் சொல்பேச்சு கேட்க மறுத்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். நரம்புகளின் மேலுறையை உடம்பே அரித்துவிடும் நோய், முழுதாகத் தீராது. பிசியோதெரபிஸ்ட் கத்ரின், "உங்களுக்கு என்ன செய்ய ஆசை?" என்று கேட்டார். "மலையேற வேண்டும்" என்றேன். ஊருக்குப் போவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவரோ என்னை மலையேற்ற வீராங்கனை என்று எண்ணிக்கொண்டார். சாய்பலகையில் ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். "கெட்டுப்போன வழி கெட்டதுதான். விடாமல் நடந்தால் மூளை பக்கத்திலேயே வேறு வழி போட்டுக்கொள்ளப் பார்க்கும்" என்றார். அவர் தப்பாகப் புரிந்துகொண்டது தெரிந்தும் நான் திருத்தவில்லை. என்னைப் பார்த்துப் பரிதாபப்படாதவர் அவர் ஒருவர்தான்.

போன கோடையில் ஊருக்குப் போனேன். எங்கள் வீட்டுக்குச் சாலையிலிருந்து மேடேற வேண்டும். அண்ணன் ஒரு நாற்காலியை மூங்கிலில் கட்டி, தூக்க ஆட்களோடு காத்திருந்தார்.

"இன்னா பாக்குற? ஒக்காரும்மா, தூக்கினு போயிட்றோம்."

"நானே வர்றேண்ணா."

"வுழுந்துட்டா?"

"எழுந்துக்குறேன்."

பாதி மேட்டில், வெயில் ஏற ஏற, கால் மரக்கட்டையானது. விழுந்தேன். ஓடிவந்த அண்ணனின் கையைத் தட்டிவிட்டேன். முழங்காலில் ரத்தம். புளியமர நிழலில் உடம்புச் சூடு தணியும்வரை உட்கார்ந்தேன். பிறகு தடியை ஊன்றி எழுந்து, கத்ரின் பழக்கியபடி குதிகால், விரல், குதிகால், விரல் என்று முணுமுணுத்தபடி ஏறினேன்.

"யாராண்ட பேசினு வர்ற?"

"காலாண்ட."

வாசலுக்கு வந்ததும் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போதும்மா. இங்கியே இர்ந்துடு. நாங்க பாத்துக்குறோம்."

"பாத்துக்க வேணாம்ணா. எனக்கு வேலை இருக்குது. அடுத்த தபா வந்தாலும் நடந்துதான் வருவேன்."

அப்போதுதான் உறைத்தது: வழியெல்லாம் இடது காலை ஜெர்மன் மொழியில்தான் அதட்டியிருக்கிறேன். அது மறுபடி நடக்கக் கற்றது அங்கேதானே, தமிழ் எப்படித் தெரியும்? வலது காலுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது இந்த மேட்டில் நடை பழகிய கால். இரண்டையும் ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றேன்.