முனாப் பல்லைக் காட்டினால்

கிண்ணியாத் துறையில் பாதை இழுக்கிற முனாபுக்கு, பிள்ளைகுட்டிக்காரன் ஒருவனுக்கு இருக்கவே கூடாத ஒரு பழக்கம் இருந்தது. எதற்கெடுத்தாலும் இளிப்பார். பஸ்ஸையும் லொறியையும் சனத்தையும் ஒன்றாக ஏற்றி, ஆட்கள் வடம் பிடித்து இழுக்க அக்கரைக்குப் போகும் மிதவைக்குத்தான் அங்கே பாதை என்று பேர். பாதை பிந்தியதென்று பயணிகள் ஏசுவார்கள். முனாப் இளிப்பார். அவர்களுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். வராமல் என்ன செய்யும்?

வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தில் இருந்த காலத்தில் முனாப் அங்கே கூலிக்கு நின்றவர். ஒருநாள் பெட்டியொன்று காலில் விழுந்து பெருவிரல் நகம் பிய்ந்துபோனது. அப்போதும் வாய் காது வரைக்கும் போயிற்று. பார்த்துக்கொண்டு நின்ற துரை, அடடா, இவனல்லவோ ஆம்பிளை என்று முதுகில் தட்டி ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்தான். முனாப் நொண்டி நொண்டி வீட்டுக்கு வந்து, பிஸ்கட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதார்.

கலியாணத்தன்று பெண்ணின் முகம் பார்க்கும்போதும் அதே இளிப்புத்தான். ‘இந்த மனுசன் என்னை நையாண்டி பண்ணுது’ என்று றம்ஸியா கொஞ்ச நாள் முகம் கொடுத்துக் கதைக்கவேயில்லை. பிறகு தலைப்பிள்ளை பிறந்த கையோடு இறந்துபோனது. வாசலில் நின்று பல்லைக் காட்டியவரை மருத்துவிச்சி வாய்க்கு வந்தபடி ஏசினாள். பாயில் கிடந்த றம்ஸியாதான் கவனித்தாள். வாய் சிரித்தது, தொண்டைக்குழி ஏறி ஏறி இறங்கியது. கண்ணோரத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

அன்றைக்குப் பிடித்துக்கொண்டாள் றம்ஸியா. கண்ணோரம் சுருங்கினால் மனுசனுக்குச் சந்தோசம். கீழ்ப்பல் மட்டும் தெரிந்தால் ஏதோ பொய் சொல்லப்போகிறார். சுருக்கமே விழாமல் வாய் மட்டும் அகன்றுகொண்டே போனால், உள்ளே ஆள் நொறுங்கிப்போய் நிற்கிறார். ஆனால் இதை ஊருக்கெல்லாம் போய்ப் படிப்பிக்க ஏலுமா?

அந்த வினை கடைசியில் மகள் ஸல்ஹாவின் தலையில் வந்து விடிந்தது. பாணுக்கும் சீனிக்கும் சனம் வரிசையில் நின்ற காலம் அது. ஸல்ஹாவுக்கு ஸைனுலாப்தீனின் மகனைப் பேசி முடித்து, நிச்சயத்துக்கு மாப்பிள்ளையின் கையில் மணிக்கூடும் போட்டாயிற்று. அதற்குள் ஸைனுலாப்தீனின் நாநா, கூடப்பிறந்த மூத்தவர் இஸ்மாலெவ்வை, டவுன் ஆஸ்பத்திரியில் மவுத்தாகிவிட்டார். முனாபோடு சேர்ந்து காலமெல்லாம் வடம் இழுத்த மனுசன். அவருடைய மையத்து அவர் இழுத்த பாதையிலேயே ஊருக்கு வந்தது. மையத்தைக் கிடத்திய சந்தூக்கைச் சுற்றிச் சனம் விம்மிக்கொண்டு நிற்க, வடத்தைப் பிடித்தபடி முனாப் பல் முழுக்கத் தெரிய இளித்துக்கொண்டு நின்றார். ஸைனுலாப்தீன் அதைப் பார்த்துவிட்டார்.

சம்பந்தம் ஆடுகிறது என்ற கதை காதில் விழுந்ததும் றம்ஸியா புருசனைப் பிடித்தாள்.

“இஞ்ச பாருங்க, நீங்க போய் விளங்கப்படுத்துங்களன்.”

“போனா என்ட வாய் சும்மா இரிக்குமா, புள்ள?” என்று முனாப் இளித்தார். கண்ணோரத்தில் சுருக்கம் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு ஸைனுலாப்தீன் வந்தார். கதிரையில் இருந்தும் இராமலும் மடியிலிருந்த அந்த மணிக்கூட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“இது சரிவராது, முனாப். என்ட நாநா மையத்தாக் கிடக்கக்குள்ள பல்லக் காட்டினீங்க. கலியாணம் முடிச்சா என்ட மகன் இந்த வீட்டிலதானே வந்து இரிக்கோணும்? எப்பிடி நான் விடுற?”

முனாப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்தப் பாழாய்ப்போன இளிப்புத்தான் வந்தது. இந்த நேரத்திலுமா மனுசா! றம்ஸியாவுக்கு ஓடிப்போய் அந்த வாயைப் பொத்தவேண்டும் போல் இருந்தது.

“பாருங்க! இப்பவும் சிரிக்கிறீங்களே!” என்று ஸைனுலாப்தீன் எழும்பினார்.

எழும்பியவர் குசினி வாசலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். தேத்தண்ணித் தட்டோடு ஸல்ஹா நின்றாள். சின்னதிலிருந்து அவரை மாமா மாமா என்று சுற்றி வந்தவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். வாயோ காது வரைக்கும் இளித்தது, அச்சு அசலாக வாப்பாவின் வாய். கண்ணீர் தாரையாய் வழிந்து அந்த இளித்த வாய்க்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது.

ஸைனுலாப்தீன் மகளைப் பார்த்தார். திரும்பித் தகப்பனைப் பார்த்தார்.

“அண்டைக்கும்... இப்பிடித்தானா?”

“ஓம்,” என்றார் முனாப். “வடத்தில அவர் முன்னுக்கு நிப்பார், நான் பின்னுக்கு. அண்டைக்கு இழுக்கக்குள்ள முன்னுக்கு ஆளில்ல.” சொல்லச் சொல்ல இளிப்பு அகன்றுகொண்டே போயிற்று.

ஸைனுலாப்தீன் தலைத் தொப்பியைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதார். மையத்து வீட்டிலும் அவர் அப்படி அழவில்லை. அழுது ஓய்ந்ததும் மேசையிலிருந்த மணிக்கூட்டை எடுத்துத் திரும்பவும் மடிக்குள் செருகிக்கொண்டு, ஸல்ஹாவின் தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

“என்ன மகள், சீனி போடல்லையா?”

“சீனி இல்ல, மாமா,” என்று ஸல்ஹா இளித்தாள்.

றம்ஸியா அவசரமாக மகளின் கண்ணோரத்தைப் பார்த்தாள். சுருக்கம் விழுந்திருந்தது.