சோளக் குறுணலை அடியிலிருந்து அள்ளுவது

மூத்தவள் போன வாரம் வெளிநாட்டிலிருந்து போன் எடுத்தாள். அங்கே கடையில் உடைத்த சோளத்தைப் பாக்கெட்டில் போட்டு விற்கிறார்களாம். பாக்கெட் படத்தில் கஞ்சிக்கு மேலே இறால் வைத்திருக்கிறதாம். "வாங்கிட்டேன்ப்பா, இதை எப்பிடிக் காய்ச்சுறது?" என்று கேட்டாள்.

அம்மாவிடம் கேளு என்று நான் சொல்லவில்லை. நம்ம வீட்டில் சோளக் கஞ்சி என் வேலை என்று பிள்ளைகள் உங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அது எப்படி என் வேலையானது என்பது தெரியாது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு நின்றவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

முதலில் குறுணலைப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து ஊதுங்கள். தவிடு பறந்து, மணி மஞ்சளாக நின்றால் நல்லது. கையில் மாவாக ஒட்டினால் பழையது, பூச்சி விழுந்திருக்கும். மணி ரவையை விடப் பெரிதாக, எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். பெரிசும் சிறிசும் கலந்து கிடந்தால் அது கோழிக்கு உடைத்தது. சிறிசு கரையும்போது பெரிசு வேகாமல் கிடக்கும்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எல்கடுவப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த காலத்தில், யட்டவத்தச் சந்தையில் எது கிடைத்ததோ அதைச் சாக்குப்பையில் கட்டிக்கொண்டு வந்து உங்கள் அம்மா முன்னால் போடுவேன். அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

அரிசி, மாவு எல்லாம் குறைந்துபோன வருஷங்கள் அவை. தோட்டம் கைமாறி, வேலை நாளும் குறைந்திருந்தது. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பாதிக் காம்பராக்களில் ராத்திரிக்குச் சோளக் கஞ்சிதான். மூத்தவள் அப்போது கைப்பிள்ளை. உங்கள் அம்மா காலையில் அவளைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவாள். நடுவில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி மலை ஏறுவாள்.

பிள்ளை தேறவில்லை. எந்த நேரமும் அழுகை. பால் பத்தவில்லை என்று பிள்ளைக்காம்பரா ஆயா என்னிடமே சொன்னார். நான் கண்ணேறு என்று நினைத்தேன். மிளகாய் சுற்றிப் போட்டேன். பஸ் ஏறி வஹகோட்டைக்குப் போய், வேதக் கோவிலில் மெழுகுவர்த்தி கொளுத்தி நேர்த்தி வைத்தேன். நம்ம சாமி வேறு என்றாலும் அங்கே எல்லாரும் போவார்கள். தண்ணி ஆகாரம் குடித்தால் பால் ஊறும் என்று யாரோ சொன்னதையும் நம்பினேன். செய்யக்கூடியதெல்லாம் செய்கிறேன் என்று மனசுக்குள் ஒரு திருப்தி இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

அந்த நேரத்தில் செடியை வெட்டிவிட்ட கவ்வாத்து மலையில் தேயிலைக் கட்டை குத்தி, உங்கள் அம்மாவின் வலது உள்ளங்கை சீழ் வைத்தது. டிஸ்பென்சரியில் கீறிக் கட்டுப் போட்டு, தண்ணி படக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் நான் முதல் தடவையாக அடுப்பு முன்னால் உட்கார்ந்தேன்.

எனக்குத் தெரிந்தது சோறு பொங்குவது மட்டும், அதுவும் பார்த்துப் பழகினது. கொதிக்கிற தண்ணியில் குறுணலைக் கொட்டினேன். உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொண்டது. பிறகு வடிக்கலாமென்று பானையைச் சாய்க்கப் போனேன். பிள்ளையை மடியில் போட்டிருந்த உங்கள் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வடிச்சு ஊத்துங்க, லயத்து நாய்க எல்லாம் உங்களக் கும்பிடும்," என்றாள். "பச்சத் தண்ணியிலயே போட்டு ஏத்தணுங்க. கையெடுக்காமக் கிண்டுங்க. விட்டா அடியில போய் உக்காந்துக்கும்."

மறுநாள் அவள் சொன்னபடி செய்தேன். நீங்களும் இப்படித்தான் செய்ய வேண்டும். குறுணலைத் தண்ணியில் போட்டு அலசினால் உமி மேலே மிதக்கும், அதைச் சாய்த்து ஊற்றிவிடுங்கள். கொஞ்ச நேரம் ஊறட்டும். ஒரு சுண்டு குறுணலுக்கு ஐந்து சுண்டு தண்ணி. பச்சைத் தண்ணியிலேயே கலந்து அடுப்பில் வைத்து, கொதி வரும் வரைக்கும் கிண்டுங்கள். பிறகு நெருப்பை இழுத்துவிட்டு, தணலில் மெதுவாக வேகவிடுங்கள். மணியை விரலால் நசுக்கினால் நடுவில் கடினம் இருக்கக் கூடாது. உப்பைக் கடைசியில் போடுங்கள். அன்றைக்கு எங்களுக்கு உப்பு மட்டும்தான். இப்போது தேங்காய்ப் பாலும் ஊற்றலாம், இறாலும் வைக்கலாம்.

எங்களுக்குக் கிடைத்த பையில் அவ்வளவு தண்ணிக்குக் குறுணல் ஏது? ஒரு பிடி போட்டுப் பானை நிறையத் தண்ணி வைத்ததுதான். இறக்கி வைத்துவிட்டு, தண்ணிப் பீலிக்குப் போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்தேன். வழக்கமாக நான் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பிடுவாள். அன்றைக்குக் கை முடியாதவள் என்று அவளுக்கு முதலில் ஊற்றினேன். மேலாக அள்ளி ஊற்றியது வெறும் தண்ணி. உப்புத் தண்ணியில் நாலு மணி மிதந்தது. தண்ணி கூடிப்போச்சு என்று நினைத்துக்கொண்டு, எனக்கு அகப்பையை அடிவரைக்கும் விட்டு அள்ளினேன். கெட்டியாக வந்தது. நான் தினமும் சாப்பிடுகிற அதே கெட்டி.

அகப்பையைக் கையில் வைத்தபடி அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் இடது கையால் கோப்பையைத் தூக்கி அந்தத் தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குடித்து முடித்துவிட்டு, "நல்லாத்தான் வந்திருக்கு," என்றாள்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒருநாள் மலையிலிருந்து வந்து கஞ்சியைப் பார்த்து, "என்னா இது, கைகழுவுற தண்ணியா?" என்று நான் கேட்டிருந்தேன். அதற்குப் பிறகு என் தட்டில் தண்ணிக் கஞ்சி வந்ததே இல்லை. குறுணல் கூடவில்லை, அகப்பைதான் கீழே போயிருக்கிறது. அது எனக்கு அந்த நிமிஷம் வரைக்கும் தெரியவில்லை.

என் தட்டை அவள் பக்கம் தள்ளினேன்.

"வேணாங்க. மலைக்குப் போறவங்க நீங்க."

"நீ எங்க போற?"

பிள்ளை அழ ஆரம்பித்தது. நான் தட்டை இழுத்துக்கொள்ளவில்லை, அவளும் தொடவில்லை. கடைசியில் பிள்ளைதான் ஜெயித்தாள். அழுகை தாங்காமல் உங்கள் அம்மா அதை எடுத்துச் சாப்பிட்டாள், என்னைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு.

அன்றிலிருந்து நானே காய்ச்சி, நானே ஊற்றினேன். அடுப்பிலிருந்து இறக்கின கையோடு, ஊற்றுகிற ஒவ்வொரு அகப்பைக்கும் ஒரு தடவை அடியிலிருந்து கிண்டி ஊற்றினேன். கை ஆறின பிறகும் நான் அகப்பையைக் கொடுக்கவில்லை. பக்கத்துக் காம்பராக்காரி வாசல் இஸ்தோப்பில் நின்றுகொண்டு, "என்னாண்ணே, கூடையையும் நீங்களே மாட்டிக்கிட்டுக் கொழுந்துக்குப் போங்களேன்," என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுவாள். உங்கள் அம்மாவுக்கு அது வெட்கம். எனக்கு அந்தக் கேலி கொஞ்சம் வேண்டியிருந்தது.

பிள்ளையின் அழுகை மெல்ல மெல்லக் குறைந்தது. அது கஞ்சியால்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன். அந்த மாசம் கொஞ்சம் அரிசியும் கிடைத்தது. நேர்த்தி பலித்தது என்று அவள் சொன்னாள். நான் மறுத்துப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

மகளே, உன் முதல் மாசங்களில் நீ அழுததெல்லாம் எந்தப் பசியில் என்று இப்போது உனக்குத் தெரியும். உன் பாக்கெட்டில் குறுணல் நிறைய இருக்கும், தண்ணி தெளிந்து மேலே நிற்காது. இருந்தாலும் ஊற்றுவதற்கு முன்னால் அடிவரைக்கும் கிண்டு.

நேற்று உனக்கு எழுத வேண்டும் என்பதற்காகவே ஒரு தடவை காய்ச்சிப் பார்த்தேன். தேங்காய்ப் பால் விட்டு, அகப்பை நட்டால் நிற்கிற கெட்டி. உன் அம்மா கோப்பையை நீட்டினாள்.

"எனக்கு மேலால ஊத்துங்க, போதும்," என்றாள்.

மேலேயும் கீழேயும் ஒரே கஞ்சிதான். ஆனாலும் நான் அகப்பையை அடிவரைக்கும் விட்டேன்.