ஒன்பதரை மார்க் அத்தான்

என் அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், எட்டு மாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குகிறார். அங்கே இருக்கிற அதிகாரிகள் எல்லாம் தம் தயவில்தான் மேலே போகிறார்கள் என்பது அவர் கட்சி. சும்மா சொல்லக்கூடாது, அறிவு என்ற பேச்சு மட்டும் வராவிட்டால் மனுஷர் தங்கம்.

அவர் வீட்டு அலமாரியில் ஒரு கண்ணாடி பாட்டில் உண்டு. மின்விசிறி, ரேடியோ, இஸ்திரிப்பெட்டி என்று எதைக் கழற்றிப் பூட்டினாலும் அவருக்கு இரண்டு ஸ்க்ரூ மிஞ்சும். அது பாட்டிலுக்குள் போகும். "கம்பெனிக்காரன் புத்தியில்லாம எக்ஸ்ட்ரா போட்டுடறான் மச்சான். எனக்குத் தேவைப்படலை பாரு" என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவின் தையல் மெஷின் மக்கர் செய்தது. மறுநாள் காலை ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது சட்டை கொடுத்தாக வேண்டும், பதினொன்று பாக்கி. தவறினால் அடுத்த வருஷம் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். மெக்கானிக்கைக் கூட்டி வருகிறேன் என்று நான் வாயைத் திறந்ததுதான் தப்பு.

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், மெக்கானிக் எதுக்கு?" என்று ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்துவிட்டார்.

கல்லூரியில் உளவியல் படிக்கும் அவர் மகள் அந்த நேரம் பார்த்துக் கேள்வித்தாளோடு வந்தாள்.

"அப்பா, மத்தவங்களோட ஒப்பிட்டா உங்க அறிவுக்குப் பத்துக்கு எவ்வளவு போடுவீங்க?"

"ஒன்பதரை. அரை மார்க் அடக்கத்துக்காகக் கொறைச்சிருக்கேன், எழுதிக்கோ."

மதியம் வேலை முடிந்தது. மூன்று ஸ்க்ரூ மிஞ்சியது. பாட்டிலில் டங் டங்கென்று போட்டுவிட்டு, வெற்றிச் செய்தியைச் சொல்ல டீக்கடைக்குக் கிளம்பினார். அக்கா மிதித்துப் பார்த்தாள். தையல் விட்டு விட்டு விழுந்தது. மெக்கானிக்கைத் தேடி ஓட நான் செருப்பை மாட்டினேன்.

அக்கா பதறவே இல்லை. பாட்டிலைக் கவிழ்த்தாள், அந்த மூன்றையும் பொறுக்கினாள், மெஷினைச் சாய்த்து அடியில் முடுக்கினாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இத்தனை வருஷமாக அந்த பாட்டில் ஏன் நிரம்பவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேக்கா?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு தடவை சொன்னேன். நாலு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாரு. சாப்பாட்டுல குத்தம், லிஃப்டுல வர்றவங்களோட சண்டை. எனக்குச் சட்டை முடியணும்டா."

சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது ஒன்பதாவது சட்டை ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடி மெஷின் சத்தத்தைக் கேட்டார். "வெண்ணெயாட்டம் ஓடுது பாத்தியா மச்சான்?" என்று என் முதுகில் ஒரு தட்டு. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மகள் மறுபடி தாளோடு வந்தாள். "அம்மா, உன் அறிவுக்கு எவ்வளவு?"

"அஞ்சு போடு. என்கூட இருந்து கொஞ்சம் தேறியிருக்கா" என்றார் அத்தான் தாராளமாக.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நாலே போடும்மா. ஒரு வீடு ஒரு ஒன்பதரையைத்தான் தாங்கும்."

"உண்மையை ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணும்" என்று அத்தான் நெகிழ்ந்தே போய்விட்டார்.