பதினோராவது ஓட்டம்

பட்டறைக்கு எந்த வண்டி வந்தாலும், ஓட்டி வந்தவர் சொல்வதை அங்கிருக்கும் மெக்கானிக் முதலில் காதில் வாங்கமாட்டார். பானெட்டைத் திறந்து, அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்றை மாட்டி, அதன் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் பேச்சு. அதனால் முள்ளு என்று பெயர் விழுந்தது. பெண் பார்க்கப் போன இடத்திலும் கேஜ் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் இவன் சம்மதம் சொன்னான் என்று பட்டறை முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அது முள்ளுவின் மனைவி காதுக்கும் போனது. "அன்னைக்கு முள்ளு எங்க நின்னுச்சாம்?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். அவர் சிரிக்காமல் கொஞ்ச நேரம் யோசித்தார். கேலியைவிட அந்த யோசனைதான் வீட்டில் பல வருடம் பேசப்பட்டது.

முள்ளுவுக்கு வயது நாற்பத்திரண்டு. எட்டாம் வகுப்பில் இருக்கும்போது அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பிக்கு அப்போது நடை வந்திருக்கவில்லை. அம்மா இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். இவர் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றார், பிறகு பட்டறைக்கு வந்தார். தம்பியைப் படிக்கவைக்க வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவராகவே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்ட சுமை அது. தம்பி வணிகவியல் படித்துப் பட்டம் வாங்கினான். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பட்டமளிப்பு அன்று அண்ணன் நகக்கண்ணில் இருந்த கறுப்பைப் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டுப் போனார். அப்படியும் போட்டோவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்கிறார்.

பட்டம் எந்தக் கதவையும் திறக்கவில்லை. போன இடத்திலெல்லாம் யாரைத் தெரியும் என்று கேட்டார்கள். இவர்களுக்கு யாரையும் தெரியாது. ஆறு வருடம் அலைந்த பிறகு தம்பி ஒரு ரொட்டிக் கம்பெனியின் வேனை ஓட்டப் போனான். வண்டி ஓட்ட எதற்குக் கல்லூரி என்று தெருவில் கேட்டார்கள். அண்ணனுக்கும் அது வலித்தது. ஒருநாள் அந்த வேனில் அவர் கூடப் போக நேர்ந்தது. சந்தை வளைவை அவன் வேகம் குறைக்காமல் எடுத்தான். பின்னால் திரும்பிப் பார்த்தார். அடுக்கியிருந்த தட்டுகளில் ஒன்றுகூட நகரவில்லை. இவனுக்குள் வேறு ஏதோ இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்குப் பட்டது.

அதன்பிறகு பட்டறையின் பின்பக்கம் துருப்பிடித்துக் கிடந்த ஒரு சின்னக் காரை முதலாளியிடம் கேட்டு வாங்கினார். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. வேறு இன்ஜின், உடைக்க வந்த வண்டியிலிருந்து கழற்றிய டர்போ, பெட்ரோலைப் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர்கள், டேங்கிலிருந்து அதைத் தள்ளும் பெரிய பம்ப். டர்போ என்பது இன்ஜின் விடும் புகையின் வேகத்திலேயே சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற சக்கரம். காற்று கூடினால் பெட்ரோலும் அதே அளவுக்குக் கூட வேண்டும். கூடாவிட்டால் உள்ளே சூடு எகிறி பிஸ்டனே உருகும். இதை அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

ஒரு பந்தய அணி புது ஓட்டுநர் ஒருவரைத் தேடுவதாக அறிவிப்பு வந்தது. பதிவு செய்த சொந்த வண்டியில் வந்து, தடத்தில் நாலு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். முப்பது வயது முடிந்திருக்கக் கூடாது. தேர்வு நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் தம்பிக்கு முப்பது முடியும் நாளுக்கும் நடுவில் பதினேழு நாள் இருந்தது. தம்பி விண்ணப்பத்தை அண்ணனிடம் காட்டாமல் அண்ணியிடம்தான் முதலில் காட்டினான். கல்விக்கான கட்டத்தில் பட்டம் என்று எழுதுவதா, காலியாக விடுவதா என்று கேட்டானாம். "வாங்கினது வாங்கினதுதான், எழுது" என்றாளாம் அவள்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வண்டி விக்கல் எடுக்க ஆரம்பித்தது. மெதுவாகப் போனால் வெண்ணெய் போல ஓடும். இன்ஜின் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றுக்கு மேல் சுழல அழுத்தி மிதித்தால், மூச்சு முட்டியவன் படியேறுவது போல இழுத்து இழுத்து நிற்கும்.

பெட்ரோல் போதவில்லை என்பது முதல் நாளே அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கே தடைபடுகிறது என்பதுதான் கேள்வி. பெட்ரோல் குழாயில் ஒரு கேஜை இணைத்து, நீளமான ஹோஸ் கொடுத்து, முன்கண்ணாடியின் வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டினார். பெட்ரோல் உள்ள எதையும் வண்டிக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். காலை ஆறு மணிக்கு, கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் ஆளில்லாத நேர்ச்சாலைக்கு இருவரும் போனார்கள். தம்பி ஓட்டினான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்தார். சும்மா நிற்கும்போது முள் மூன்றில் இருந்தது. மிதிக்க மிதிக்க டர்போவோடு சேர்ந்து நாலுக்கு மேல் ஏற வேண்டும். மூன்றரை வரை ஏறியது. பிறகு திரும்பி மூன்றுக்குக் கீழே விழுந்தது. "விடு" என்றார். தம்பி காலை எடுத்தான்.

அது முதல் ஓட்டம்.

ஃபில்டரை மாற்றினார். பழையதை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தார். உள்ளே சுத்தமாக இருந்தது. இரண்டாவது ஓட்டத்திலும் முள் விழுந்தது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குப் போகும் மெல்லிய குழாயை மாற்றினார், விழுந்தது. பம்ப்புக்கு வரும் மின்சாரத்தை அளந்தார். பட்டறையில் நிற்கும்போது சரியாக இருந்தது, ஓடும்போது இறங்கியது. பிடிபட்டுவிட்டது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்து, பம்ப்புக்கென்று தனி ரிலே சுவிட்ச் போட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார் என்று மனைவி பிறகு சொன்னாள். ஐந்தாவது ஓட்டத்தில் முள் கொஞ்சம் தாமதமாக விழுந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆறாவது ஓட்டத்திலும் முள் விழுந்த பிறகு முதலாளி டீ கிளாஸோடு வந்து நின்றார்.

"டேங்கைத் திறந்து பாத்தியா?"

"அது நான் போட்டது முதலாளி."

"நீ போட்டா பெட்ரோல் பயந்துக்கிட்டு ஓடுமா?"

இவரும் சிரித்தார். சிரித்துவிட்டு ரெகுலேட்டரைக் கழற்றப் போனார். ஆறு மாதம் முன்பு பெரிய பம்ப்பை டேங்குக்குள் இறக்கியது அவர் கைதான். சந்தேகப்படுவதற்கு உலகத்தில் எவ்வளவோ இருக்கும்போது தன் கையைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை. இரவல் வாங்கிய ரெகுலேட்டரோடு ஏழு. இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து எட்டு. எர்த் ஒயரைப் புதிதாகக் கொடுத்து ஒன்பது. பத்தாவதில் எதையும் மாற்றவில்லை. ஒருவேளை தானாகவே சரியாகியிருக்கலாம் என்று பார்த்தார்கள்.

முள் விழுந்ததும் காலை எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தம்பி ஒருமுறைகூடத் தவறவில்லை. ஆனால் முள் விழுவதைக் கண் பார்த்து, வாய் "விடு" என்று சொல்லி, கால் மேலே வருவதற்குள் ஒரு நொடி போய்விடும். அந்த நொடியில் இன்ஜினுக்குள் பெட்ரோல் போதாத நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. பத்து முறை எரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதினோராவது தடவை போனார்கள். தம்பியின் முகம் களைத்திருந்தது. இரண்டு வாரமாக ஆறு மணிக்கு இங்கே வந்துவிட்டு ஏழரைக்கு ரொட்டி ஏற்றப் போகிறவன். முள் விழுந்த பிறகு எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தால் துப்பு கிடைக்கும் என்று அண்ணனுக்குத் தோன்றியது.

"இந்தத் தடவ நான் சொல்ற வரைக்கும் விடாத" என்றார்.

"சூடு ஏறிடாதாண்ணே?"

"நான் பாத்துக்கறேன்."

தம்பி மிதித்தான். முள் ஏறியது, நின்றது, இறங்கியது. இரண்டரை. இரண்டேகால். அவர் கண்ணை எடுக்காமல் பார்த்தார். டப்பாவுக்குள் ஆணிகளைப் போட்டு உலுக்குவது போல ஒரு சத்தம் கேட்டது. அவர் சொல்வதற்கு முன்பே தம்பி காலை எடுத்துவிட்டான். பின்னால் நீலப் புகை சாலையை மறைத்து நின்றது.

வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்கள். தம்பி வேனை எடுக்கப் போனான். அவர் பின்சீட்டைத் தூக்கி, மூடியைத் திருகி, பம்ப்பை டேங்கிலிருந்து வெளியே எடுத்தார். ஐந்து நிமிட வேலை.

பம்ப்பிலிருந்து மேல்மூடிக்குப் போகும் ஒரு சாண் ஹோஸ் ஊறி உப்பிப்போய் இருந்தது. தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டியது. அதன் பக்கவாட்டில் ஒரு நக நீளத்துக்குக் கீறல். அழுத்தம் குறைவாக இருக்கும்போது கீறல் மூடிக்கொள்ளும். மிதித்தால் வாயைத் திறந்து, மேலே போக வேண்டிய பெட்ரோலை மறுபடி டேங்குக்குள்ளேயே கொட்டும்.

சாதாரண பெட்ரோல் ஹோஸ் உள்ளே ஓடும் பெட்ரோலைத்தான் தாங்கும். வெளிப்பக்க ரப்பர் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கச் செய்ததல்ல. மூழ்குவதற்கென்றே தனி ஹோஸ் இருக்கிறது. அதை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். ஆறு மாதம் முன்பு அந்த ஹோஸ் வந்து சேரவில்லை. பெரிய பம்ப்போடு வண்டி எப்படிச் சத்தம் போடும் என்று கேட்கத் தம்பி பக்கத்திலேயே நின்றான். சுவரில் தொங்கிய சுருளிலிருந்து ஒரு சாண் வெட்டிப் போட்டார், இரண்டு நாளில் மாற்றிக்கொள்ளலாம் என்று. வண்டி கிளம்பியது. தம்பி சிரித்த சிரிப்பில் அந்த இரண்டு நாள் மறந்தே போனது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் அழுத்தத்தை அளந்தார். ஒன்று, இரண்டு, நாலாவது சிலிண்டர்கள் நூற்றைம்பதை ஒட்டிக் காட்டின. மூன்றாவது அறுபது காட்டியது. எண்ணெய் ஊற்றி மறுபடி அளந்தார். அறுபத்தைந்து. பிஸ்டனே உருகிப் போயிருந்தது. முதலாளி எட்டிப் பார்த்தார். புது பிஸ்டன் வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் தம்பி வந்தான். அவனிடம் ஹோஸை மறைத்திருக்கலாம். பம்ப் மோசம் என்று சொன்னால் நம்பியிருப்பான். அண்ணன் சொல்லி அவன் நம்பாத ஒன்று அதுவரை இல்லை. அவர் ஹோஸை அவன் கையில் கொடுத்து, எப்போது போட்டது, ஏன் போட்டது, அது என்ன செய்தது, எந்த சிலிண்டர் எவ்வளவு காட்டுகிறது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்.

தம்பி ஹோஸை மடக்கிப் பார்த்தான். கீறல் திறந்தது.

"ஓடுமாண்ணே?"

"வீடு வரைக்கும் ஓடும். நாலு சுத்து ஓடாது."

"முதல் நாளே டேங்கைத் திறந்திருந்தா?"

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

"ஓடியிருக்கும்" என்றார்.

தம்பி தலையை ஆட்டினான். பட்டறை வாசலில் நின்று தேர்வு நடத்துகிறவர்களுக்குப் போன் செய்தான். வண்டி தயாராகவில்லை என்றான். பதிவு செய்த வண்டியைத் தவிர வேறு எதையும் ஓட்ட முடியாது என்று அந்தப் பக்கம் ஒரு பெண் சொன்னாள். பிறகு, அடுத்த வருடத்துக்குப் பெயரை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுப் பிறந்த தேதியைக் கேட்டாள். அவன் சொன்னான். அடுத்த வருடம் வயது தாண்டிவிடுமே என்று அவள் தயங்கிச் சொன்னாள். "பரவாயில்லைங்க" என்று அந்தப் பெண்ணுக்கு அவன் ஆறுதல் சொல்வது அண்ணனுக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவர் பட்டறைக்குப் போகவில்லை. எவ்வளவோ வருடங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிறு வீட்டில் இருந்தார். எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. மனைவி துணி உலர்த்திக்கொண்டே, அவனிடம் பேசினீர்களா என்று கேட்டாள். எல்லாம் சொல்லிவிட்டேன் என்றார்.

"என்ன சொன்னீங்க?"

அவர் யோசித்தார். ஹோஸ் பற்றிச் சொன்னார். கீறல், மூன்றாவது சிலிண்டர், அறுபது.

"அதைக் கேக்கல" என்றாள் அவள்.

பத்து மணி இருக்கும். தடத்தில் முதல் ஆள் கிளம்பியிருப்பான். அவர் மாடிப்படி ஏறிப் போனார். தம்பியின் அறை திறந்திருந்தது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான், கண் திறந்துதான் இருந்தது. மேஜையில் ஒரு கிளாஸ் காப்பி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

"தப்பு என்னோடதுடா" என்றார்.

"தெரியும்ணே."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார், திட்டு வாங்கியிருப்பார், வேறு வழி ஏதாவது பேசியிருப்பார். அவர் நின்றார். பேசுவதற்கு எதையாவது தேடி அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏதாவது வேணுமா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. கதவைச் சாத்திட்டுப் போங்க."

அவர் சத்தம் வராமல் சாத்தினார்.