வீட்டுக்காரிக்குப் பங்கில்லாத மேஜை

கிதிர் முகம்மது பங்கு வைத்தால் குண்டுமணி அளவுகூடக் குறையாது என்று எல்லாரும் சொல்வார்கள். எல்லாரும் என்றால் யார்? பங்கு வாங்கிக்கொண்டு போனவர்கள். அவர் மனைவி நபீசாவிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வயிற்றெரிச்சலை எல்லாம் கொட்டித் தீர்த்திருப்பாள்.

பங்கு என்றதும் வீடு வாசல், நகை நட்டு என்று நினைத்துவிட வேண்டாம். இது ஒரு விளையாட்டில் கிடைக்கிற புதையல். சைகோனில், கான் ஹொய் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் அவர்கள் வீட்டில், ஞாயிறுதோறும் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஆட்டம் தொடங்கும். பலகையும் காயும் வேண்டாம், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதையாலேயே ஆடுவது. கதையை நடத்துகிறவர் மாஸ்டர்; இந்த வீட்டில் அது கிதிர் முகம்மது. மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி, குகைக்குள் போகிறேன், பூதத்தை வெட்டுகிறேன் என்று சொல்வார்கள். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

இதை உலகம் முழுக்க ஒரே விதியில் நடத்த ஓர் அமைப்பு இருக்கிறது. அதில் பதிந்த மேஜை ஒன்றில் வளர்த்த பாத்திரத்தை, பதிந்த வேறெந்த மேஜைக்கும் கூட்டிக்கொண்டு போய் ஆடலாம். அதனாலேயே விதிகள் கறாரானவை. மாஸ்டரைத் தவிர மூன்று பேராவது உட்கார்ந்தால்தான் ஆட்டம் கணக்கில் ஏறும். புதையலில் ஒரே ஒரு பொருள் கிடைத்து, பல பேர் கேட்டால், யாரிடம் குறைவாக இருக்கிறதோ அவருக்கே அது. சமமாக இருந்தால் பகடை. மாஸ்டருக்கு இதில் வாயே கிடையாது.

அந்த விதியைக் கிதிர் முகம்மது மனப்பாடமாகச் சொல்வார். டான் சோன் நாட் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. பெட்டி மாறினால் ஊர் இரண்டுபடும் என்று தெரிந்தவர். அப்படிப்பட்ட மனுஷருக்கு வீட்டுக்குள் மட்டும் எப்படித்தான் கண் அவிந்துபோனதோ!

அமைப்பில் பதிந்த அவர்கள் மேஜையில் மாஸ்டரைத் தவிர மூன்று பேர். ஒருத்தி ஜெர்மேன். புதுச்சேரிக் குடும்பம், நகரத்தின் பூ மி ஹங் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறாள். ஆட்டத்தில் மந்திரக்காரி. இன்னொருவன் ஷம்சுல் ஆலம், நாகூர்க்காரன், பிரியாணிக்கடை நடத்துகிறான், கிதிர் முகம்மதுவை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவான். ஆட்டத்தில் கோடரி பிடித்த குள்ளன். வெளியே நல்ல பையன்தான். புதையல் என்று வந்துவிட்டால் தனக்கு ஆகாததையும் வாரி மடியில் கட்டிக்கொள்வான். மூன்றாவது ஆள் நபீசா.

நபீசா பயணச்சீட்டு போடும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க ஊராருக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சமைக்கிறவள். ஆட்டத்தில் அவள் பெயர் கரிச்சான். காட்டில் முன்னால் போய் வழி பார்க்கிற வில்லாளி. எந்தப் பூதமானாலும் முதலில் கரிச்சான் கண்ணில்தான் படும். ஆட்டம் நடக்கிற அந்த இரண்டு மணி நேரம் நபீசாவுக்கு வாரம் முழுவதற்கும் போதும். ஆனால் இரண்டு வருஷமாக ஆடியும் கரிச்சான் கையில் இருந்தது, பாத்திரத்தை உருவாக்கிய அன்று எல்லாருக்கும் சும்மா கொடுக்கிற சாதாரண வில்தான். குள்ளனிடமோ மந்திர மோதிரம், மந்திரக் கேடயம், பேசும் குடுவை. மந்திரக்காரிக்குப் பறக்கும் செருப்பு வேறு.

காரணம் கேட்டால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். அவர்கள் ஊர்ப் பக்கத்து விருந்தில் சஹன் என்று பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, நடுவில் கறியை வைத்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். விருந்து வைத்த வீட்டார் உட்கார மாட்டார்கள். நின்று பரிமாறி, எல்லாரும் கை கழுவிய பிறகு இருப்பதைச் சாப்பிடுவார்கள். சோற்றுக்கு அது அழகுதான். நபீசாவும் எத்தனையோ விருந்தில் அப்படி நின்றவள். கிதிர் முகம்மது அந்த மரியாதையை அப்படியே தூக்கி ஆட்டத்துக்குள் வைத்துவிட்டார். புதையல் பெட்டி திறந்ததும் ”யாருக்கு வேணும்?” என்று கேட்பார். கேட்கும்போது அவர் முகம் ஜெர்மேன் பக்கம் போகும், ஷம்சுல் பக்கம் போகும். மூன்றாவது நாற்காலிக்கு வரவே வராது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைக்குகைக்குள் ஒரு வில் கிடைத்தது. இருட்டிலும் குறி தவறாத வில். குகையைக் கண்டுபிடித்தவள் கரிச்சான். வாசலில் இருந்த பொறியைக் கழற்றியவளும் அவளே.  இதையும் விட்டால் நான் மனுஷியே இல்லை என்று நபீசா நினைத்துக்கொண்டாள்.

”யாருக்கு வேணும்?” என்றார் கிதிர் முகம்மது.

”எனக்கு வேணாம்பா. என் மந்திரக்காரிக்கு வில்லு புடிக்கவே தெரியாது” என்றாள் ஜெர்மேன்.

ஷம்சுல் வாயில் இறால் வாடாப் பலகாரத்தை அடைத்துக்கொண்டே கையைத் தூக்கினான். ”எனக்குக் குடுங்க நானா. இருந்தா இருக்கட்டும்.”

தேநீர் எடுத்துவர எழுந்துபோய், அப்போதுதான் கெண்டியோடு திரும்பிய நபீசா, அதை இறக்கிக்கூட வைக்காமல், ”எனக்கும் வேணும்” என்றாள்.

கிதிர் முகம்மது சிரித்தார். ”அவ சும்மா சொல்றா. நீ எழுதிக்கப்பா” என்றார்.

ஷம்சுல் எழுதிக்கொண்டான். ஜெர்மேன் ஒரு தடவை நபீசாவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் பகடைகளை வரிசையாக அடுக்க ஆரம்பித்தாள். கெண்டியை எடுத்து மேஜை மேல் கவிழ்த்துவிடலாமா என்று நபீசாவுக்கு இருந்தது. கவிழ்க்கவில்லை. மூன்று பேருக்கும் ஊற்றினாள்.

அவர்கள் போனதும் பிடித்துக்கொண்டாள். ”விதி என்ன மச்சான்? கம்மியா வச்சிருக்கவங்களுக்குத்தானே? என்கிட்ட ஒன்னுமே இல்ல. அந்தக் குள்ளனுக்கு வில்லு வளைக்கக்கூடத் தெரியாது!”

”வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி நாமளே எடுத்துக்கிட்டா நல்லா இருக்குமா புள்ள? நாளைக்கு என்ன பேசுவாங்க? மாஸ்டர் பொண்டாட்டிக்கு ஒதுக்கிட்டாருன்னு சொல்லமாட்டாங்களா?”

”நான் உங்க பொண்டாட்டியா அங்க உக்காரல. கரிச்சானா உக்காந்திருக்கேன்.”

”ரெண்டும் நீதானே” என்று சொல்லிவிட்டுக் கிதிர் முகம்மது தட்டுகளை எடுத்து அடுக்கினார். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டாவது ஆற்றிக்கொள்ளலாம். நல்லவரிடம் என்ன செய்வது? சுவரில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்த சனிக்கிழமை நபீசா கரிச்சானைக் கூட்டிக்கொண்டு பூ மி ஹங் போனாள். அங்கே ஒரு காபிக்கடை மாடியில் ஹான் என்ற வியட்நாமியப் பெண் பதிவு மேஜை நடத்துகிறாள் என்று ஜெர்மேன் ஒருமுறை சொல்லியிருந்தாள். சுற்றிலும் முன்பின் தெரியாத முகங்கள். ஹான் எழுந்து வந்து நாற்காலி இழுத்துப் போட்டாள். ஐஸ் போட்ட காபி வேண்டுமா, தேநீரா என்று கேட்டாள். நபீசா ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். தன்னைத்தான் கேட்கிறாள் என்று புரிய நேரம் பிடித்தது.

ஆட்ட முடிவில் ஒரு போர்வை கிடைத்தது. போர்த்திக்கொண்டால் நிழலோடு நிழலாக மறையலாம். நாலு பேர் கேட்டார்கள். ஹான் அவரவரிடம் இருப்பதைப் பார்த்தாள். ”உங்களிடம் ஒன்றுமே இல்லையா? அப்படியென்றால் உங்களுக்குத்தான்” என்றாள். அவ்வளவுதான். யாரும் முகம் சுளிக்கவில்லை, யாரும் பெருந்தன்மை காட்டவில்லை. அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நபீசா சந்தோஷமாகத் தன் தாளில் போர்வை என்று எழுதிக்கொண்டாள். செ ஓம் என்கிற வாடகை பைக்கின் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்பும்போது அந்தச் சந்தோஷம் ஆத்திரமாக மாறிவிட்டது. இவ்வளவு சின்ன விஷயமா இது? இதற்கா இரண்டு வருஷம்?

வீட்டில் சொன்னதும் கிதிர் முகம்மது முகம் வாடியது. ”மொத நாளே உனக்குக் குடுத்துட்டாங்களா?”

”குடுக்கல. கெடச்சிச்சு.”

 பிறகு அவர் பெரிய மனது பண்ணினார். ”சரி, நாளைக்கு நம்ம ஆட்டத்துல நல்ல சாமான் ஒன்னு வருது. அத உனக்கே குடுத்துடுறேன். ஷம்சுல்கிட்ட நான் சொல்லிக்கிறேன், கோவிச்சுக்க மாட்டான்.”

நபீசாவுக்குச் சுர்ரென்று ஏறியது. வில்லைப் பறிகொடுத்த அன்றுகூட இவ்வளவு கோபம் வரவில்லை. ”நீங்க குடுக்குறதுக்கு அது உங்க சாமான் இல்ல மச்சான்” என்றாள்.

மறுநாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டுக் கிதிர் முகம்மது மேஜையைத் துடைத்துப் பகடைகளை எடுத்து வைத்தார். வழக்கம்போல் ஜெர்மேனுக்குப் போன் போட்டார். ”இன்னைக்கு நம்ம வீட்டுல ஆட்டம், கட்டாயம் வந்துடணும்.” ஷம்சுலுக்கும் அதே. திரும்பிப் பார்த்தால் நபீசா தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

”எங்க?”

”பூ மி ஹங். அங்க ஞாயித்துக்கெழமையும் ஆடுறாங்க.”

”நீ போயிட்டா இங்க ரெண்டு பேருதானே? ஆட்டம் கணக்குல ஏறாதே!”

”தெரியும்.”

கணக்கில் ஆள் குறையும்போதுதான் மூன்றாவது நாற்காலி அவர் கண்ணில் பட்டது. அதையும் நபீசா கவனித்தாள். ”நான் ஒன்னு சொல்லவா? விருந்தாளியா கூப்பிடுங்க, வர்றேன்” என்றாள்.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார்.  பிறகு போனை எடுத்து ஓர் எண்ணை அழுத்தினார். நபீசாவின் கைப்பைக்குள் மணி அடித்தது.

ஐந்தடி தள்ளி நின்ற புருஷனைப் பார்த்தபடியே அவள் போனை எடுத்துக் காதில் வைத்தாள். அவர் குரல் நேரிலும் கேட்டது, போனிலும் கேட்டது.

”நான் கிதிர் முகம்மது பேசுறேன். இன்னைக்கு நம்ம வீட்டுல ஆட்டம். நீங்க கட்டாயம் வந்துடணும்.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளை நீங்க என்று சொன்னதில்லை. நபீசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் குரலைச் சரிசெய்துகொண்டாள்.

”இன்னைக்கு வேற எடத்துல வர்றதா சொல்லிட்டேங்களே. அடுத்த வாரம் முன்கூட்டியே கூப்பிடுங்க, பாக்குறேன்.”

போனைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். மேலே கிதிர் முகம்மது மறுபடி ஷம்சுலுக்குப் போன் போட்டு, இன்றைக்கு ஆட்டம் இல்லை, ஆள் பற்றவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.