கை நனைத்த வீடு

எதற்கும் காரணம் தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. என் சிநேகிதன் ஏன் இருமல் மருந்து குடிக்கிறான் என்பது மட்டும் ரொம்ப நாள் பிடிபடவில்லை. அவனுக்கு இருமலே கிடையாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பாளையங்கோட்டையில் கல்லூரியை முடித்துவிட்டு இருவரும் வேலை தேடிக்கொண்டிருந்தோம். பெண்கள் மேல் நாட்டமில்லாத பையன்கள் நாங்கள். அதைச் சொல்ல மரியாதையான ஒரு சொல் எங்களிடம் இல்லை. ஊரிடம் இருந்த சொற்களோ வாயில் வைக்கிற மாதிரி இல்லை. கொக்கிரகுளம் ஆற்றுப் படித்துறையில் ஆள் குறைந்த மத்தியான நேரத்தில் உட்கார்ந்து பேசுவோம். எங்களைப் போல அங்கே வந்துபோன வேறு சிலரிடமும் பாட்டிலோ மாத்திரையோ ஏதாவது இருந்தது. எனக்கு மருந்து வாடையே ஆகாது. வேடிக்கை பார்ப்பதும் கேள்வி கேட்பதும் என் வேலை.

"ஏம்லே இதக் குடிக்க?" என்றால் நாளுக்கொரு பதில் சொல்வான்.

"இனிப்பா இருக்குலா."

"இனிப்பு வேணும்னா கருப்பட்டியக் கடிலே."

ஒருநாள் துண்டைப் பிழிந்துகொண்டே அவனாகச் சொன்னான். "நடக்கையில கை ஆடுதா, பேச்சு குழையுதான்னு நான் என்னையவே பாத்துக்கிட்டு இருக்கேம்லே. வீட்ல, பஸ்ல, கோயில்ல, எங்கனயும். இதக் குடிச்சா அந்தப் பாக்கது நின்னுபோவுது."

அந்த வேவு எனக்கும் உண்டு. அப்படியானால் நான் ஏன் குடிக்கவில்லை? எங்கள் வீட்டில் நானும் டீச்சர் வேலை பார்த்த அம்மாவும்தான். என் நடையை அளக்க ஆளில்லை. அவன் வீட்டிலோ அப்பா, சித்தப்பாக்கள் என்று ஒரு பட்டாளமே அவன் கையைக் கண்காணித்தது. இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அதேபோன்ற வீட்டில் வளர்ந்து ஒரு சொட்டும் தொடாதவனையும் எனக்குத் தெரியும்.

கட்டிலுக்கடியில் காலி பாட்டில்கள் அகப்பட்டபோது அவன் வீட்டில் கூடிப் பேசினார்கள். ஒரு கால்கட்டைப் போட்டால் சரியாகிவிடும் என்பது முடிவு. கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்று சொல்வார்களே, அந்தக் கணக்கு. எதற்குப் பயந்து குடித்தானோ அதையே மருந்தாகக் கொடுக்கப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

சேரன்மகாதேவியில் பெண் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபி, பலகாரத்தோடு சரி. இலையில் உட்கார்ந்து சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பெண்ணின் அம்மா ஒப்புக்கு, "ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாமே" என்றார். "முடிவாகட்டும், பொறவு கை நனைக்கோம்" என்று அவன் அப்பா வழக்கமான பதிலைச் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் அவன் போய், அந்த வீட்டு ஆட்களுக்குப் போட்டிருந்த இலைமுன் உட்கார்ந்துவிட்டான். பெண்ணின் அப்பா முகமெல்லாம் சிரிப்பாக, "மாப்ளைக்கு அப்பளம் வைங்க" என்றார்.

திரும்பும்போது ரயிலில் கேட்டேன். "ஏம்லே உக்காந்த?"

"சாப்பிடச் சொன்னாங்க, உக்காந்தேன். குடிச்சிருந்தேம்லா, ஒண்ணும் பெரிசாத் தெரியல."

மறுநாள் காலையில் என் வீட்டுக்கு வந்து நின்றான். வியர்த்திருந்தது. "வா, அங்கன போகணும்" என்றான். போனோம். பெண்ணின் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் போதைக்கு மருந்து குடிக்கிறவன். நேத்தும் குடிச்சிட்டுத்தான் வந்தேன்."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "அவ்வளவுதானா மாப்ளே? கல்யாணம் ஆனா விட்டுரும். நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன்."

இதற்குமேல் வாயைத் திறக்காதே என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"வேற என்னமோவும் உண்டு மாமா," என்றான். "எனக்குப் பொம்பளப் பிள்ளைங்க மேல ஆசை வராது. ஆம்பளைங்க மேலதான் வரும். உங்க பிள்ளை வாழ்க்கை வீணாயிரக் கூடாது."

அவர் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டார். "இதையும் குடிச்சிட்டுத்தான் பேசுதியா?"

"இல்ல. இன்னைக்குத் தொடல."

"சரி. கிளம்புங்க தம்பி. நான் சொல்லி விட்டுருதேன்."

என்ன சொல்லிவிடப் போகிறார் என்ற பயத்தில் இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. ஊருக்குத் தெரிந்தால் அவன் உயிரோடு இருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் தரகர் வந்து அவன் அப்பாவிடம், பையனுக்கு மருந்துப் பழக்கம் இருக்கிறதாம், அதனால் வேண்டாம் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவன் அப்பா பெல்ட்டைக் கழற்றி அடித்தார். மத்தியானம் படித்துறையில் பார்த்தபோது அவன் முதுகெல்லாம் தடித்திருந்தது. ஆற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றினேன். அவன் அழுதுகொண்டே, "அவரு ரொம்ப நல்லவருலே," என்றான். "மருந்த மட்டுந்தான் சொல்லியிருக்காரு."