சார்ஜருக்கும் ஓர் அர்ச்சனை

எங்கள் சைக்கிள் கூட்டத்தில் யாராவது புது மவுண்டன் பைக் வாங்கினால் வாழ்த்தெல்லாம் அப்புறம்தான். முதலில் வண்டியைத் தூக்கிப் பார்ப்போம். சீட்டுக்குக் கீழே பிடித்து, ஒற்றைக் கையால் ஒரு தூக்கு. "லைட்டா இருக்குலா" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், வாங்கியவருக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

என் கூட்டாளி மட்டும் தன் புது வண்டியை யாரையும் தூக்க விடவில்லை. முதல் வாரம், "தொடாதே, பெயின்ட் புதுசு" என்றான். அடுத்த வாரம், "ஹேண்டில் லூஸா இருக்கு, விழுந்துரும்." அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கிள்ளானை அடுத்த மேருவில் ஒரே தொழிற்சாலையில் இருபது வருடமாக ஒரே ஷிப்டு பார்த்தவர்கள் நாங்கள். அவன் சொன்னால் எனக்கு வேதவாக்கு. மடையன் நான், வேறென்ன சொல்ல.

ஞாயிறு காலையில் கிள்ளானிலிருந்து அவன் வேனில் இரண்டு வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு அம்பாங் பக்கம் காட்டுப் பாதைக்குப் போவோம். அங்கே ஒரு மேடு இருக்கிறது. பாதி ஏறியதும் ஒரு மூங்கில் புதர். வருடக்கணக்காக இருவரும் அந்தப் புதர் அருகில்தான் மூச்சு முட்டி நிற்போம், மேட்டைத் திட்டுவோம், தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தை ஏறுவோம். புது வண்டி வந்தபிறகு அவன் அங்கே நிற்பதே இல்லை. கொசு பறப்பது போல மெல்லிய ஒரு சத்தம் என்னைக் கடந்து போகும். பின்சக்கரச் சத்தம் என்றான். கொஞ்ச நேரத்தில் உச்சியிலிருந்து குரல் வரும்: "மெதுவா வா மச்சான், அவசரமில்ல."

"எப்படி மச்சான் இப்படி ஏறுற?" என்று கேட்டேன்.

"காலையில கேழ்வரகுக் கஞ்சி. சீனிய விட்டுட்டேன்."

நானும் மூன்று மாதம் கேழ்வரகுக் கஞ்சி குடித்தேன். மனைவியையும் குடிக்க வைத்தேன். மேடு மட்டும் குறையவில்லை.

என் அப்பா பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் படியில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தவர். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து. எனக்கு அந்த வருடம் ஐம்பத்து நான்கு. கூட்டாளியோடு சேர்ந்து ஏறிய மேட்டில் நான் மட்டும் பிந்துகிறேன் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? எனக்குத் தெரிந்த ஒரே அர்த்தம் அப்பா விழுந்த படிதான். வீட்டுப் பத்திரம், இன்சூரன்ஸ் எல்லாம் எங்கே இருக்கிறது என்று மனைவியிடம் காட்டினேன். "ஒங்களுக்கென்ன பைத்தியமா?" என்று திட்டிவிட்டு, அடுப்படியில் போய் அழுதாள்.

ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப் போனதே அவன்தான். நெஞ்சில் வயர்களை ஒட்டி டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். நான் வெளியே வரும்வரை நாற்காலியில் காத்திருந்தான். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒன்றுமில்லாதவன் ஏன் மூங்கில் புதரிலேயே நிற்கிறான்? அவன் என் தோளில் கை வைத்து, "வயசாவுதுலா மச்சான். ஒத்துக்கணும். பேசாம ஒரு பேட்டரி வண்டி எடுத்துரு" என்றான்.

எடுத்தேன். எதை எடுப்பது என்பதையும் அவனே சொன்னான்.

"பெரிய மோட்டார் வேணாம். இருபத்து நாலு கிலோ வரும், பேட்டரி செத்தா உன்னால தள்ளவே முடியாது. லைட்வெயிட் எடு, பதினேழு கிலோதான். மோட்டார் சின்னது, ஆனா கால் மிதிக்கிறது தெரியும். டர்போ போட்டா பேட்டரி நிக்காது, எக்கோ மோட்லயே ஓட்டு."

"ஒனக்கெப்படி இவ்வளோ தெரியும்?"

"யூடியூப்புல பாத்தேன்."

பழைய வண்டியை விற்றேன். புதியதற்குப் பின்னால் தடித்த டயர் மாட்டினேன். இறக்கத்தில் கனம் தள்ளும் என்று பிரேக் டிஸ்க்கைப் பெரிதாக்கினேன். தண்ணீர் போத்தல் வைக்கும் இடத்தில் சின்னதாகக் கூடுதல் பேட்டரி ஒன்று வைத்தேன். எல்லாம் அவன் யோசனை. வீட்டுக்கு முன்னால் முதல் தடவை மிதித்தபோது என் காலுக்கு நடுவிலிருந்து அதே கொசுச் சத்தம் வந்தது. ஒரு நிமிடம் அவனைச் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட்டதற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

பூசை போடாமல் ரோட்டில் எடுக்கக்கூடாது என்றாள் மனைவி. கிள்ளானில் எங்கள் கோயிலுக்கு உருட்டிக்கொண்டு போனேன். ஐயர் ஹேண்டிலில் சந்தனம் குங்குமம் வைத்தார், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பிறகு எதையோ தேடுவது போல என் கையைப் பார்த்தார்.

"சார்ஜர் கொண்டு வரலையா?"

"சார்ஜர் எதுக்கு சாமி?"

"வேன்ல வருவாரே ஒங்க கூட்டாளி, போன வருஷம் இதே மாதிரி வண்டிக்குப் பூசை போட்டார். சார்ஜரையும் தட்டுல வச்சு அர்ச்சனை பண்ணச் சொன்னார். கரண்டு வண்டிக்கு அதுதானே உயிரு சாமின்னார்."

தீபாராதனையில் கும்பிடக்கூட மறந்து நின்றேன். சாமியிடம் சார்ஜரை மறைக்க அவனுக்குப் பயம். என்னிடம் மறைக்க ஒரு பயமும் இல்லை. என் அப்பா எப்படிப் போனார் என்று தெரிந்தவன். நெஞ்சில் வயரோடு நான் ஓடும்போது கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவன். அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கு வயிறு எரிந்தது, இன்றும் எரிகிறது.

அடுத்த ஞாயிறு அம்பாங்கில் வேன் கதவு திறந்ததும், அவன் கை வைப்பதற்குள் அவன் வண்டியின் சீட்டுக்குக் கீழே பிடித்துத் தூக்கினேன். என் வண்டியின் அதே கனம். அவன் தடுக்கவில்லை.

"ஐயர் சொல்லிட்டாரா?" என்றான்.

"ஆஸ்பத்திரியில ஒக்காந்திருந்தியே, அப்பக்கூட வாய் வரலையா ஒனக்கு?"

என் வண்டியை இறக்கி வைத்தான். "மொத வாரமே சொல்லியிருக்கணும் மச்சான். எப்படி இப்படி ஏறுறன்னு நீ கேட்ட. கேக்க நல்லா இருந்துச்சு. அப்புறம் சொல்ல முடியல."

"மோட்டார ஆஃப் பண்ணு," என்றேன். நானும் என்னுடையதை அணைத்தேன்.

மூங்கில் புதர் வரைக்கும் மிதித்துப் போய் நின்றேன். மூச்சு முட்டியது, பழைய நாட்களில் முட்டிய அளவுக்குத்தான், துளிகூட அதிகமில்லை. ஒரு வருடமாக எனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று அங்கேதான் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். கீழே முதல் வளைவிலேயே இறங்கி அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். புதர் அருகில் வந்து சேர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஹேண்டிலில் சாய்ந்து ஒரு கையை நெஞ்சில் வைத்தான்.

"படபடங்குது மச்சான். எனக்கு எதுவும் இருக்குமா?"

களைப்புதான், வேறொன்றுமில்லை. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம்.

"வயசாவுதுலா," என்றேன். "ஒத்துக்கணும்."

அவன் பயந்துபோய் என்னையே பார்த்தான். நான் வண்டியில் ஏறி மிச்ச மேட்டை மிதித்தேன்.